சும்மா முக்கி எடுத்தால் போதுமாம்!

வீட்டிலேயே போல்ட்டுக்கு முலாம் பூசுவது எப்படி என்று வீடியோவில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டுதான்: "சும்மா முக்கி எடுங்க ப்ரோ, மஞ்சள் வந்துரும்." வந்தது என் வயிற்றெரிச்சல்தான்!

என் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கின் போல்ட் நட்டுகளுக்கு ஜிங்க் (துத்தநாக) முலாம் பூசி, மேலே பச்சையும் சிவப்புமாக மினுங்கும் அந்த மஞ்சள் குரோமேட், அதாவது குரோமியம் கலந்த மெல்லிய படலம், ஏற்ற வேண்டும். ஆசை அவ்வளவுதான். பிளேட்டிங் பட்டறையில் "ரெண்டு கிலோவுக்கெல்லாம் பேரல் ஓட்ட முடியாது சார்" (மொத்தமாகப் போட்டு முலாம் பூசும் சுழல் பீப்பாய்தான் பேரல்) என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். சரி, மொட்டை மாடியில் நானே இறங்கினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

முதல் வாரம் விளிம்பெல்லாம் அடுப்புக்கரி. எட்டு எம்எம் போல்ட் ஒன்றின் பரப்பு சுமார் 15 சதுர சென்டிமீட்டர். ஆறு போல்ட்டுக்கு 2 ஆம்பியர் போதும், கால் மணி நேரத்தில் 8 மைக்ரான் ஏறிவிடும். நான் கார் பேட்டரி சார்ஜரை அப்படியே மாட்டினேன், கரண்ட் எகிறிக் கருக்கிவிட்டது. தப்பு என்மேல்தான்.

அடுத்த வாரம் பளபளவென்று வந்தது, குரோமேட்டுக்கு முன்னால் நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கியதும் கறுத்தது! மூன்று முறை கழுவினேன், மூன்று முறையும் கறுப்பு. கடைசியில் முலாம் கரைசல் வாளியைச் சாய்த்துப் பார்த்தால், அடியில் போன வாரம் நழுவி விழுந்த வாஷர் ஒன்று பாதி கரைந்து பல்லிளிக்கிறது. இரும்பு முழுக்க என் கரைசலில், அதுதான் முலாமோடு சேர்ந்து ஏறிக் கறுத்திருக்கிறது! கேரம் போர்டுக்குத் தூவுகிற போரிக் பவுடரிலிருந்து பார்த்துப் பார்த்துக் கலக்கிய கரைசல் அய்யா அது. மெடிக்கல் ஷாப் பெராக்சைடை ஊற்றி, துருச்சேறாகத் திரண்டதை வேட்டித் துணியில் வடிகட்டினேன். வேட்டிக்கு வீட்டில் வாங்கியது தனி.

மூன்றாவது வாரம் மஞ்சள் வந்தேவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் பிடித்தேன். 60 டிகிரி தாண்டினால் அந்தப் படலம் வெடித்துப்போகும் என்று ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? துணியில் துடைத்தால் மஞ்சள் துணிக்கு வந்துவிட்டது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்றும் எவரும் சொல்லவில்லை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். என் மாடியில் இப்போது மூடி போட்ட நாலு கேன்.

நேற்று எல்லாம் சரியாக வந்தது. தங்கம்! ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தால்தான் படலம் இறுகும். செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டுக் கீழே போய் ஒரு காபி குடித்தேன். திரும்பி வந்தால் அம்மா, கையில் ஒரு போல்ட்.

"காஞ்சிருச்சாடா?"

போல்ட் தலையில் கட்டைவிரல் ரேகை, ஆதார் எடுக்கும் அளவுக்குத் தெளிவாக.