சிவப்பரிசி எண்டா நஞ்சில்லாத அரிசியா?

டவுன்ல இருக்கிற மச்சாள் போன கிழமை கோல் எடுத்து, "மச்சான், எங்களுக்கு ஒரு 20 கிலோ சிவப்பரிசி அனுப்பிவிடுங்களன், பிள்ளையளுக்கு இனி நஞ்சில்லாத சாப்பாடுதான்" எண்டா. நானும் ஓமெண்டு சொல்லி ஃபோனை வைச்சிட்டன். வைச்சதுக்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது, ஏனெண்டா வீட்டுக்குள்ள மூட்டையில கிடக்கிற சிவப்பு நெல்லு ஏடி 362. ஏடி எண்டா அம்பலாந்தோட்டை, ஆராய்ச்சி நிலையத்தில உருவாக்கின இனம். பக்கத்து மூட்டையில கிடக்கிற 94-1 எண்ட வெள்ளை நெல்லுக்கு என்னென்ன போட்டனோ அவ்வளவும் அதுக்கும் போட்டதுதான்.

நிறம் தவிட்டுல இருக்கிற சங்கதி. தீட்டாம சாப்பிட்டா சத்து இருக்கு, அது உண்மை, மில்லுல நல்லாத் தீட்டினா சிவப்பும் போகும் சத்தும் போகும். ஆனா வயலுக்குள்ள என்ன அடிச்ச எண்டு அரிசிட நிறம் சொல்லாது. பழைய இனமெல்லாம் சிவப்பு எண்டும் இல்ல, சுவந்தல் பழைய காலத்து இனம்தான், அது வெள்ளை அரிசி. இப்பிடித்தான் கோழி முட்டையும், ஓடு மண்ணிறமா இருந்தா ஊர்க்கோழி முட்டை எண்டு காசு கூடக் குடுத்து வாங்குறாங்க, அது கோழிட இனத்தால வாற நிறம், பண்ணைக் கோழியும் அப்பிடி இடும்.

இன்னொரு கதை, "இப்ப விதைக்கிறதெல்லாம் ஹைபிரிட், திருப்பி முளைக்காது" எண்டு. நாங்க மட்டக்களப்பில வெள்ளாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணி பாயிற வட்டையில செய்றம், போன போகத்து நெல்லையே தூத்தி எடுத்து இந்தப் போகம் விதைக்கிறம், எல்லாம் முளைக்குது, பன்றி நெல்லு எண்ட களை நெல்லும் சேந்து முளைக்கிறதுதான் எங்கட பிரச்சினை.

இதை வாசிச்சிட்டு நான் பசளைக் கொம்பனிக்காரன் எண்டு நினைக்காதீங்க. 2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செஞ்சாங்களே, அந்தப் பெரும்போகம் எங்கட வயல் 40 நாளையில மஞ்சளா நிண்டதை இப்பவும் மறக்கேலாது. கணக்கு லேசு. ஒரு 50 கிலோ யூரியா மூட்டைக்குள்ள 23 கிலோ நைதரசன் கிடக்கு, கூட்டெருவில நூத்துக்கு ஒண்டு கிடக்கு எண்டு வைச்சாலும் அந்த 23 கிலோவுக்கு 2300 கிலோ கொண்டாந்து கொட்டோணும், அதுவும் ஒரே போகத்தில முழுசாப் பயிருக்குக் கிடைக்காது. ஆரு கொண்டாறது, எங்கால எடுக்கிறது? நவம்பர்ல தடையை எடுத்தாங்கதான், பயிர் பாத்துக்கொண்டு நிக்குமா? 30 மூட்டை எடுக்கிற ஏக்கர்ல 13 எடுத்தம். பெத்தப்பா இருந்திருந்தா வரம்புல இருந்து அழுதிருப்பார்.

அதுக்காகப் போட்டதெல்லாம் சரியெண்டும் சொல்லமாட்டன். மறு வருசம் யூரியா கைக்கு வந்த உடன எனக்கு ஆசை விட்டுது, அளவுக்கு மேல ஒரு மூட்டை கூட எறிஞ்சன், பயிர் கரும்பச்சையா மதர்த்து நிண்டுது, போறவன் வாறவன் எல்லாம் நிண்டு பாத்தான். இலை சுருட்டிப் புழுவைக் கண்டு 25 நாளையில மருந்தும் அடிச்சன், பக்கத்து வயல்காரன் அடிச்சவன் எண்டுதான் நானும் அடிச்ச, வேற காரணம் ஒண்டும் இல்ல. அந்த மருந்துல முதல் செத்தது பூச்சியைப் பிடிச்சுத் தின்னுற சிலந்தி. மறுகா கதிர் பறியிற நேரம் நடு வயலுக்குள்ள சுளகு அளவுல ஒரு வட்டம் காய்ஞ்சுபோய்க் கிடந்தது, குனிஞ்சு பயிரை விரிச்சுப் பாத்தா அடித்தண்டு முழுக்க அறக்கொட்டி, பயிர்ட சாறை உறிஞ்சுற சின்னப் பூச்சி, தண்ணி மட்டத்துக்கு மேல அப்பிக்கிடக்கு. மூணு நாளையில அந்த வட்டம் களம் அளவு ஆகிட்டு. தண்ணியை வடியவிட்டுத்தான் மிச்சத்தைக் காப்பாத்தின. மெதுமெதெண்டு நிக்கிற பயிரும் வேணும், சிலந்தியும் இருக்கப்படாது, அறக்கொட்டிக்கு இதைவிட நல்ல பந்தி ஆர் வைப்பான்?

இப்ப யூரியாவை மூணு தரமாப் பிரிச்சுப் போடுறன். பூச்சியைக் கண்ட உடன ஓடுறதில்ல, ரெண்டு நாள் வயலுக்குள்ள இறங்கிப் பாக்கிறன், சிலந்தி நிண்டா விட்டுடுவன். வெட்டு மெஷின் விட்ட வைக்கோலையும் நெருப்பு வைக்கிறதில்ல, பயிர் எடுத்த பொட்டாசியம் கூடுதலா வைக்கோல்லதான் கிடக்கு, அதை எரிச்சுப்போட்டுக் கடையில எம்ஓபி எண்ட பொட்டாசியப் பசளை வாங்கிறது என்ன விசர் வேலை. ஆனா வைக்கோலைப் பரவி உக்கவிடக் கூலி வேணும், நாள் வேணும், தண்ணி திறக்கிற திகதிக்கு முதல் முடிக்கோணும், எரிக்கிறவனை ஏசிப்போட்டுப் போறது லேசு. இந்தச் செலவுக்கு மூட்டைக்கு நூறு ரூபா கூடத் தா எண்டா கடைக்காரனும் சிரிப்பான், மச்சாளும் சிரிப்பா.

நேத்து மச்சாளுக்குத் திருப்பி கோல் எடுத்து ஏடி 362ட கதையைச் சொன்னன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப எத்தின தரம் மருந்தடிச்ச மச்சான்?" எண்டு கேட்டா. இத்தின வருசமா அரிசி வாங்கிறா, இப்பதான் முதல் தரமா இதைக் கேட்கிறா. பூச்சிக்கு ஒண்டும் அடிக்கல்ல, களைக்கு ஒருக்கா எண்டன். ஃபோன்ல சத்தமே இல்ல. மறுகா, "சரி, 10 கிலோ அனுப்புங்க" எண்டா.