பெயின்ட்டுக்கும் பீரங்கிக்கும் நடந்த சண்டை

பெர்சி ஸ்காட் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். விக்டோரியா மகாராணி காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. பீரங்கிதான் அவருடைய படிப்பு, தொழில், வாழ்க்கை எல்லாமே. 1853இல் லண்டனில் பிறந்து, 13 வயதில் கடற்படையில் சேர்ந்து, அட்மிரலாக ஓய்வு பெற்றவர். சில வாரங்களாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மனதில் தங்கிப்போனதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

1886இல் ஸ்காட், எடின்பரோ என்ற போர்க்கப்பலில் கமாண்டர். கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு. போர்ட்ஸ்மவுத் பீரங்கிப் பள்ளியில் படித்துத் தேறி, அங்கேயே வாத்தியாராகவும் இருந்தவர். கற்றதையெல்லாம் கப்பலில் செய்து காட்டலாம் என்ற ஆசையோடு வந்தார். அங்கே அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கப்பல் பளபளவென்று இருக்கிறதா, அதுதான் கேள்வி. கமாண்டர்களின் பதவி உயர்வே அதை வைத்துத்தான். சொந்தக் காசு போட்டு நல்ல பெயின்ட் வாங்கி அடித்தார்கள். பீரங்கி சுட்டால் புகை படிந்து பெயின்ட் கெட்டுவிடும் என்று, பயிற்சிக்குக் கொடுத்த குண்டுகளைச் சத்தமில்லாமல் கடலில் போட்ட கதைகள் உண்டு. தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய இரும்புக் கதவுகளைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியதில், அவை தண்ணீரைத் தடுக்கும் தன்மையையே இழந்துவிட்டன என்று பிற்காலத்தில் ஸ்காட்டே எழுதியிருக்கிறார்.

அவர் என்ன செய்தார்? பணிந்துபோனார். பீரங்கிப் பயிற்சியை நிறுத்தி வைத்தார், பெயின்ட் வாங்கினார், இரும்பையெல்லாம் பளபளக்க வைத்தார். சீக்கிரமே மிடுக்கான கப்பல் என்று பெயரும் வாங்கினார். இதைத் தன் நினைவுக் குறிப்பில் மறைக்காமல் சொல்கிறார். அவரை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

நான் படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. வருடம் முழுக்க பீரோவுக்குள் பூட்டியே கிடக்கும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் எடுத்துத் துடைத்து மேசையில் வைப்பார்கள், ஒரு செம்பருத்திப் பூவோடு. அதன் வழியாக ஒரு வெங்காயத் தோலைக்கூடப் பார்க்காமலேயே நான் பள்ளியை முடித்தேன். எடின்பரோ கப்பலைப் பற்றிப் படித்தபோது அந்த மேசைதான் கண்முன் வந்தது. அந்த ஏக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

சரி, பீரங்கிக்கு வருவோம். அன்றைய கடற்படை சுட்ட லட்சணத்துக்கு 1882இல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவே சாட்சி. கரையிலிருந்த கோட்டைகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் நாள் முழுக்கச் சுட்டன. சுட்ட குண்டுகள் சுமார் 3000. எதிரியின் பீரங்கிகள்மேல் நேராக விழுந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் ஜெயித்துவிட்டார்களே, அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கப்பலில் சுடுவது ஏன் அவ்வளவு கஷ்டம்? கப்பல் ஓயாமல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும். கூடவே பீரங்கியின் வாய் ஒரு முறை வானத்தைப் பார்க்கும், ஒரு முறை தண்ணீரைப் பார்க்கும். அதனால் பீரங்கியை ஒரு நிலையில் வைத்துவிட்டு, கப்பல் சாயும்போது குறி இலக்கைக் கடக்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து சுடுவார்கள். கண் பார்த்து கை இயங்குவதற்குள் கப்பல் நகர்ந்திருக்கும். ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான்.

1898இல் ஸ்காட், சில்லா என்ற கப்பலுக்குக் கேப்டன். மத்தியதரைக் கடலில் பயிற்சி நடக்கிறது. கடல் கொந்தளிப்பு, எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தொடர்ந்து அடிக்கிறார். ஸ்காட் அருகில் போய் நின்று அவர் கையைக் கவனித்தார். பீரங்கியை ஏற்றி இறக்கும் சக்கரத்தை அந்த மாலுமி நிறுத்தவே இல்லை. கப்பல் மேலே போனால் பீரங்கியைக் கீழே, கப்பல் கீழே போனால் பீரங்கியை மேலே. தொலைநோக்கிக் குறி இலக்கை விட்டு விலகவே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கை தானாகச் செய்த வேலை அது.

ஸ்காட்டின் மேதைமை என்று நான் நினைப்பது இதற்கு அடுத்ததைத்தான். "இவன் கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, இந்த ஒருவன் செய்வதை மற்றவர்களுக்கு எப்படிப் பழக்குவது என்று உட்கார்ந்தார். ஒரு சின்ன இலக்கு மேலும் கீழும் ஆட, சக்கரத்தைச் சுற்றியபடியே குறியை அதன்மேல் பிடித்து விசையை அழுத்தினால் காகிதத்தில் ஒரு புள்ளி விழும். அப்படி ஒரு கருவி செய்தார். துறைமுகத்தில், ஒரு குண்டுகூடச் செலவில்லாமல், நாள் முழுக்கப் பழகலாம். குண்டு நிரப்புபவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சிக் கருவி. 1899 போட்டியில் சில்லா சுட்ட 70இல் 56 இலக்கில் பட்டன. நூற்றுக்கு 80. மற்ற கப்பல்களில் மூன்றில் ஒன்று பட்டாலே பெரிது என்றிருந்த காலம்.

அப்புறம் டெரிபிள் என்ற கப்பலில் சீனாவுக்குப் போகும் வழியில் தென்னாப்பிரிக்கப் போர் வந்தது. கப்பல் பீரங்கிகளைத் தரையில் இழுத்துப் போக வண்டிகள் வடிவமைத்துக் கொடுத்தார். பிரிட்டிஷார் வசமிருந்த லேடிஸ்மித் நகரத்தை எதிரிகள் முற்றுகையிடும் முன் உள்ளே போய்ச் சேர்ந்த பீரங்கிகள் அவர் ஏற்பாட்டில் போனவை. அந்த வேகம் வியக்க வைக்கிறது, ஆனால் அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி, எகிப்து, சீனா என்று இந்த மனிதரின் பணி வரலாற்றில் வரும் போர்கள் பலவும் ஒரு பேரரசு மற்றவர்கள் மண்ணில் நடத்தியவை. குறி தவறாத பீரங்கியின் எதிர்முனையிலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். எனக்கு அது உறுத்துகிறது. அந்த உறுத்தலோடுதான் அவரிடம் கற்றுக்கொள்கிறேன்.

சீனக் கடலில் அவரைச் சந்தித்த அமெரிக்க இளம் அதிகாரி வில்லியம் சிம்ஸ், இந்த முறையைத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். வாஷிங்டனில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆட்களால் அவ்வளவு வேகமாகப் பீரங்கியை ஏற்றி இறக்கவே முடியாது என்று முடிவு கட்டினார்கள். சோதனை நடந்தது கெட்டித் தரையில்! கப்பலில் இருந்தால் கப்பலின் ஆட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். முடியாது என்று அவர்கள் நிரூபித்த அதே நேரத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் மாலுமிகள் தினமும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் சிம்ஸ் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் வேலை நடந்தது.

ஸ்காட் 1905இல் குறிப்பயிற்சிக்கான ஆய்வாளர் ஆனார், ரியர் அட்மிரலும் ஆனார். ஆனாலும் பெயின்ட் அவரை விடவில்லை. 1907 நவம்பர். ஜெர்மன் சக்கரவர்த்தி வருகிறார், எல்லாக் கப்பலும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அட்மிரல் பெரஸ்போர்ட் உத்தரவு. ஸ்காட்டின் கீழிருந்த ராக்ஸ்பரோ கப்பல், சுடும் பயிற்சியை முடித்துவிட்டு வரட்டுமா என்று அனுமதி கேட்டது. பீரங்கியைவிட பெயின்ட்டுக்குத்தான் இப்போது கிராக்கி போலிருக்கிறது, 8ஆம் தேதிக்குள் அழகாக நிற்கும்படி வந்து சேருங்கள் என்ற பொருளில் ஸ்காட் செய்தி அனுப்பினார். விஷயம் பெரஸ்போர்ட் காதுக்குப் போனது. மற்ற அதிகாரிகள் முன்னிலையில் ஸ்காட்டுக்குத் திட்டு, கப்பல் படை முழுவதற்கும் கண்டன அறிவிப்பு. மேலதிகாரியை இப்படிக் குத்திக்காட்டியது தவறு என்பார்கள். இருக்கலாம். ஸ்காட் பழகுவதற்கு எளிய ஆள் இல்லை, தன் பெருமையைத் தானே பேசுபவர், எதிரிகளைச் சேர்த்துக்கொள்வதில் வல்லவர். ஆனால் 21 வருடம் முன்பு எடின்பரோவில் பெயின்ட் டப்பாவிடம் தோற்றுப்போனவர் அவர். அந்தச் செய்தியில் இருந்தது ஒரு நாள் கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய பெரிய வேலை அதற்கும் பிறகுதான் வந்தது. தூரம் கூடக்கூட, புகையிலும் தண்ணீர்ச் சிதறலிலும் பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இலக்கே தெரியாது. உயரமான கம்பத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிபார்த்து, மின்கம்பி வழியாக எல்லாப் பீரங்கிக்கும் சொல்லி, ஒரே சமயத்தில் சுட வைக்கலாம் என்றார் ஸ்காட். எதிர்ப்பு, தாமதம், மறுபடி எதிர்ப்பு. 1912 நவம்பரில் ஒரே ரகக் கப்பல்களான தண்டரரையும் ஓரியனையும் போட்டிக்கு விட்டார்கள். ஸ்காட்டின் முறையில் சுட்ட தண்டரர் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக இலக்கில் அடித்தது. அப்படியும் 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது இந்த வசதி இருந்த பெரிய போர்க்கப்பல்கள் எட்டுதான்.

வாழ்நாளெல்லாம் பெரிய பீரங்கிக்காகப் போராடியவர், 1914 ஜூனில் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் வந்துவிட்டது, இனி பெரிய போர்க்கப்பல்களுக்கு வேலை இல்லை என்று. தன் சொந்தத் துறையின் காலமே முடிந்தது என்று சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்! பலரும் அவரைத் தாக்கி எழுதினார்கள். செப்டம்பர் 22 காலையில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, வடகடலில் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரில் இந்தத் தேதி வேறொன்றுக்காக நினைவிருக்கும். அதே நாள் இரவுதான் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது.

1915 செப்டம்பரில் லண்டன்மேல் செப்பலின்கள் என்ற ஜெர்மன் வான்கப்பல்கள் குண்டு போட்டபோது, நகரத்தின் பீரங்கிப் பாதுகாப்பை ஏற்கும்படி ஓய்வு பெற்றிருந்த ஸ்காட்டைக் கூப்பிட்டார்கள். இருந்த பீரங்கிகள் கொஞ்சம், அவற்றிலும் பல வானத்தை நோக்கிச் சுட லாயக்கில்லாதவை. உள்ளூரில் செய்து முடிக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. வண்டியில் ஏற்றிய ஒரு 75 மில்லிமீட்டர் பீரங்கியைக் கையோடு கொண்டுவரச் சொல்லி ஓர் அதிகாரியைப் பாரிஸுக்கு அனுப்பினார். அது வந்தும் சேர்ந்தது. அப்போது அவருக்கு 62 வயது.