ஸியூஸை மன்னனாக்கியவர்கள்

பண்டைய கிரேக்கத் தொன்மங்களை மறுமலர்ச்சிக் கால ஐரோப்பா வந்து எடுத்துக்கொள்ளும் வரை, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பூட்டி வைத்தவர்கள் கதையில் இவ்வளவு கை வைத்திருக்க மாட்டார்கள்.

தேவாலயத்தில் ஏசுவை வணங்கிய கான்ஸ்டான்டிநோபிள் பிள்ளைகள் பள்ளியில் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரைப் படித்தே இலக்கணம் கற்றார்கள். அந்தத் தெய்வங்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். 6ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய மலாலாஸ், கிரேக்கத் தெய்வங்களின் தலைவனான ஸியூஸை, இறந்து கிரீட் தீவில் புதைக்கப்பட்ட ஒரு மன்னனாக்கிவிட்டார். 12ஆம் நூற்றாண்டின் ஜான் ட்ஸெட்ஸிஸ் இன்னும் துணிந்தவர். பேரரசர் முதலாம் மானுவேலை மணந்து ஐரீனி என்று பெயர் மாறிய ஜெர்மானியப் பெண்ணுக்காக, ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியடின் உட்பொருளைப் பதினைந்து அசை கொண்ட எளிய செய்யுளில் அவர் எழுதினார். அதில் ஒரு தெய்வம் ஓரிடத்தில் காற்றோ நெருப்போ ஆகும், வேறிடத்தில் கோளாகும், மற்றோரிடத்தில் மனத்தின் ஒரு குணமாகிவிடும். இதை வலிந்து பொருள் கொள்வது என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கோ, கதையைக் கைவிட மனமில்லாத ஒருவரின் சாமர்த்தியமாகவே படுகிறது. (கூலித் தகராறில் அரசியின் ஆதரவு போய், மீதியை வேறொரு புரவலருக்காக எழுதினார் என்பது தனிக்கதை.)

உரைகளைவிட, அந்தக் கதைகள் பேச்சில் புழங்கிய விதமே என்னை அதிகம் ஈர்க்கிறது. 11ஆம் நூற்றாண்டில், ஒன்பதாம் கான்ஸ்டன்டைனின் காதலி ஸ்க்லிரேனா அரச ஊர்வலத்தில் சென்றபோது, அரசவையினர் ஒருவர் இலியடிலிருந்து ஓர் அடியின் தொடக்கத்தை மட்டும் மெல்லச் சொன்னதாக சமகாலத்தவரான மைக்கேல் செல்லோஸ் எழுதுகிறார். இப்படிப்பட்ட பெண்ணுக்காக இரு தரப்பும் துன்புறுவதில் குற்றமில்லை என்று, அந்தப் போருக்குக் காரணமான பேரழகி ஹெலனைக் கண்ட ட்ராய் நகர முதியவர்கள் சொல்லும் இடம் அது. மற்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்க்லிரேனாவுக்குப் புரியவில்லை, ஆனால் கேட்ட சொற்களைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லி, பிறகு பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

1204இல் சிலுவைப் போராளிகள் நகரைச் சூறையாடி, வெண்கலச் சிலைகளை நாணயத்துக்காக உருக்கினார்கள். வீட்டையும் பதவியையும் இழந்த வரலாற்றாசிரியர் நிகீதாஸ் கோனியாடிஸ் அவற்றுக்காக எழுதிய புலம்பலில் ஹெலனின் சிலையிடமே பேசுகிறார் (ஈனியாஸ், ட்ராயிலிருந்து தப்பி ரோமர்களின் மூதாதையானதாகச் சொல்லப்படும் வீரன்): உன்னால் ட்ராய் எரிந்ததே, அதற்குப் பழிதீர்க்கத்தான் ஈனியாஸின் வழிவந்த இவர்கள் உன்னைத் தீயிலிட்டார்களா?