3 சதவீத ரீனியம்

உலோகவியல் படித்த நாட்களில் டர்பைன் பிளேடுக்குக் கலப்புலோகம் தேர்ந்தெடுக்கும் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறோம். எத்தனை டிகிரி தாங்கும், எத்தனை மணி நேரம் உழைக்கும், எடை என்ன, இவ்வளவுதான். இதில் சேரும் தனிமம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தேர்விலும் கேட்டதில்லை. அது பெரிய குறை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ரீனியம் என்ற அரிய உலோகத்தையே பாருங்கள். ஜெட் எஞ்சினில் எரியறையை அடுத்து நிற்கும் முதல் வரிசை பிளேடு, தன் உருகுநிலையைவிடச் சூடான வாயுவுக்குள் சுழல்கிறது. அதன் வயிற்றுக்குள் குடைந்த வழிகளில் ஓடும் காற்றுதான் அதை உருகவிடாமல் காக்கிறது. அப்படியும் சூட்டிலும் இழுவிசையிலும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். க்ரீப் என்போம். கொஞ்சம் கூடுதலாக நீண்டால் போதும், நுனி வெளிக்கூட்டில் உரசிவிடும். நிக்கல் கலவையில் 3 சதவீதம் ரீனியம் சேர்த்தால் இந்த நீட்சி வெகுவாகக் குறைகிறது, பிளேடு சுமார் 30 டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது. எஞ்சின்காரர்களுக்கு அது புதையல். சிஎம்எஸ்எக்ஸ்-4, ரெனே என்5 என்ற இரண்டு பிளேடுக் கலவைகளிலும் 3 சதவீதம். அடுத்த தலைமுறைக் கலவைகளில் 5, 6 என்று ஏற்றினார்கள்.

சரி, இந்த ரீனியம் எப்படிக் கிடைக்கிறது? பெரும்பகுதி செம்புச் சுரங்கங்களின் உபயம். சிலி போன்ற நாடுகளில் செம்புத் தாதுவோடு மாலிப்டினம் தாதுவும் வருகிறது. அதைப் பிரித்து உலையில் வறுக்கும்போது ரீனியம் புகையோடு போய்விடும். அந்தப் புகையைக் கழுவித்தான் பிடிக்கிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஐம்பது அறுபது டன். விலை பத்து மடங்கு ஏறினாலும் ரீனியத்துக்காக யாரும் கூடுதலாகச் செம்பு வெட்டப் போவதில்லை. 2008-ல் கிலோ 10,000 டாலரைத் தாண்டியபோது இதுதான் எல்லோரையும் உலுக்கியது.

ஜெட் எஞ்சின் செய்யும் ஜிஇ நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விழித்துக்கொண்டது. பாதி ரீனியத்தில், அதாவது 1.5 சதவீதத்தில், ரெனே என்515 என்ற புதுக் கலவையைச் செய்தார்கள். கழித்த பிளேடுகளை மட்டுமல்ல, பிளேடைச் சாணை பிடிக்கும்போது உதிரும் தூளைக்கூடச் சேர்த்து ரீனியத்தை மீட்டார்கள். அந்தத் தூள் விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், இது முதல் அடியும் இல்லை. 1978-ல் ஜயீரின் (இன்றைய காங்கோ) ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு, இதே கலவைகளில் சேரும் கோபால்ட்டின் விலை எகிறிய பிறகுதான், கோபால்ட்டைக் குறைக்க முடியுமா என்று நாசா முறையாக ஆராயத் தொடங்கியது.

விலை பிறகு இறங்கியதே என்பார்கள். இறங்கியது உண்மைதான். ஆனால் ஒரு கலவையை மாற்றினால் வார்ப்பு, சோதனை, சான்றிதழ் என்று ஆண்டுகள் ஓடும், எஞ்சினோ பல பத்தாண்டுகள் பறக்கும். அதனால் கலவையை முடிவு செய்யும் அட்டவணையில், க்ரீப் வலிமைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வேண்டும்: இந்தத் தனிமம் எந்த நாட்டில், எதன் துணைப்பொருளாக வருகிறது?