மொட்டைமாடித் தொட்டியில் மின்சாரமா?

"தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் குட்டி டர்பைன் மாட்டுங்கள், வீட்டுக்கே இலவச மின்சாரம்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பல்பு எரிவது பொய்யல்ல. வீடே ஓடும் என்பதுதான் பொய்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் கீழே இறங்கினால் கிடைக்கும் மொத்த ஆற்றல் சுமார் 27 வாட்-மணி. ஒரு சொட்டு வீணாகாவிட்டாலும் 9 வாட் எல்இடி பல்பு 3 மணி நேரம் எரியும், அவ்வளவுதான். சின்ன டர்பைனில் பாதி கைக்கு வந்தாலே பெரிய விஷயம். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் இதைவிட அதிகமாகவே மின்சாரம் குடித்திருக்கும். குழாயில் டர்பைன் மாட்டினால் ஷவரில் தண்ணீர் சொட்டுவது தனிக்கதை.

அதற்காக வீட்டு நீர்மின்சாரமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நிலத்தருகே வற்றாத ஓடை இருந்து, நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால், பாதி வீணானாலும் 490 வாட் கிடைக்கும். இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு 12 யூனிட் வரை தேறும். தண்ணீரைத் திருப்ப அனுமதி வேண்டியிருக்கலாம். கோடையில் ஓடை எவ்வளவு ஓடுகிறது என்பதையும் அளந்துவிடுங்கள்.