அந்தத் தேதியைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்

குரூப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) நாம் நீந்தப் போகிற ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க மாதிரி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? அவ்வளவுதான். இதற்கு வந்த பதில்கள்: ஒரு ட்ரோன் வீடியோ, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், "பயமா இருந்தா நீச்சல்குளத்துலயே இருங்க பாஸ்" என்று ஓர் அறிவுரை. அப்புறம் என் கேள்வியே அங்கிருந்து காணாமல் போய்விட்டது. சிரிப்புப் பொம்மைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

"அதான் அறிக்கை போட்டாச்சே" என்கிறார்கள். ஆய்வக அறிக்கையின் படத்தை ஏற்பாட்டாளர்கள் போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தயவுசெய்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈ.கோலை எண், அதாவது தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமியின் கணக்கு, நடுவில் அழகாக, பச்சை வட்டம் போட்டு இருக்கிறது. மேலே 'மாதிரி எடுத்த நாள்' என்ற வரி தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் நாள் இருக்க வேண்டிய இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. தற்செயலாக வெட்டுப்பட்டிருக்கலாம். சரி, அப்படியானால் முழுப் படத்தைப் போட எவ்வளவு நேரமாகும்? அரை நிமிடம்? என்னைத் திட்டி எழுதிய பத்திக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

ஒரு தேதிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வியாழன் இரவு பெய்த மழையை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆற்றில் மழை என்றால் தண்ணீர் கொஞ்சம் கலங்கும் என்பது மட்டுமில்லை. சாலையில் கிடந்தது, வயலில் கிடந்தது, மாட்டுக் கொட்டகையில் கிடந்தது எல்லாம் ஒரே இரவில் ஆற்றுக்கு வந்துவிடும். மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகிற ஊர்களில், குழாய் நிரம்பினால் மிச்சத்தை ஆற்றில்தான் திறந்துவிடுவார்கள். அமைப்பே அப்படிக் கட்டப்பட்டது. அதனால் மழைக்கு முந்தைய எண்ணுக்கும் மழைக்குப் பிந்தைய எண்ணுக்கும் உறவே கிடையாது. பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஆற்றில் இறங்காதீர்கள் என்று திறந்தவெளி நீச்சல்காரர்கள் சொல்வது இதனால்தான். மழைக்கு முன்னால் எடுத்த மாதிரியை வைத்து மழைக்குப் பின்னால் நீந்தச் சொல்வது, மூன்று வாரத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையைக் காட்டி இன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்வது மாதிரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான முறையில் ஈ.கோலை பரிசோதனைக்குக் கிருமியை வளர்த்துத்தான் எண்ண வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆக, கையில் இருக்கிற மிகப் புதிய முடிவுகூட நேற்றைய ஆற்றைப் பற்றியதுதான். இது அறிவியலின் குறை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நேற்றைய ஆறு என்றால் சரி, பொறுத்துக்கொள்ளலாம். எந்த ஆறு என்றே தெரியாவிட்டால்? அதனால்தான் தேதி. திரும்பத் திரும்பக் கேட்பேன்: தேதி.

எல்லை ஒன்றும் ரகசியமில்லை. ஆறு, ஏரிகளில் நடக்கும் போட்டிகளுக்கு உலக டிரையத்லான் கூட்டமைப்பு வைத்திருப்பது: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை 1,000-க்கு மேல் கூடாது, அதே மாதிரி இன்னொரு குடல் கிருமியான என்டரோகாக்கை 400-க்கு மேல் கூடாது. நமக்குப் போட்ட படத்தில் இரண்டாவது எண்ணே இல்லை. அதைக் கேட்டால் இன்னும் எத்தனை சிரிப்புப் பொம்மைகள் வருமோ என்று விட்டுவிட்டேன்.

"நாங்களே இறங்கிப் பார்த்தோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார் ஒருவர். மகிழ்ச்சி. இத்தனை காலமாக ஆய்வகங்கள் வீணாகச் செலவு செய்திருக்கின்றன, இவரை அழைத்திருந்தால் எட்டிப் பார்த்தே சொல்லியிருப்பார்.

நான் ஒன்றும் கரையில் நின்று பேசுகிறவன் இல்லை. இதற்கு முன் ஒரு போட்டியில், வேறோர் ஆற்றில், மழைக்கு மறுநாள் இறங்கியிருக்கிறேன். தண்ணீர் காப்பி நிறம். கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் விரல்கள் தெரியவில்லை. முதல் மிதவையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிற இடம் எப்படியிருக்கும் என்று நீந்தியவர்களுக்குத் தெரியும். யாருடைய குதிகாலோ என் தாடையில் பட்டது, மூச்சுக்குத் திறந்த வாயில் ஒரு பெரிய மடக்கு உள்ளே போனது. சேற்று வாசனையோடு வேறு ஏதோ ஒரு வழவழப்பு. துப்பத் தோன்றுவதற்குள் விழுங்கியாகிவிட்டது. மறுநாள் இரவு முழுக்கக் கழிவறைத் தரையில்தான் கிடந்தேன். குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. எழுந்து போய்ப் படுக்கத் தெம்பில்லாமல் அங்கேயே தலைக்குத் துண்டு வைத்துப் படுத்தேன்.

உடம்பு தேறியதும் ஏற்பாட்டாளர்களை அழைத்துச் சொன்னேன். "வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலியே சார்" என்றார்கள். நானும் நம்பினேன். பல வாரம் கழித்து, கூட நீந்திய ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "உங்களுக்குமா? நான் அந்தப் புது எனர்ஜி ஜெல் ஒத்துக்கலைன்னு நினைச்சேன்" என்றார். அவர் இன்னொருவரைக் கேட்க, அந்த ஆள் "வெயில்ல ஓடினதுல பித்தம்" என்று நினைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகப் படுத்திருக்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் எண்ணவில்லை. எண்ணாததால் 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.' இந்த வாக்கியம் எங்கே கேட்டாலும் இப்போது எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

"போட்டிப் பதற்றத்தில் எல்லாருக்கும்தான் வயிறு கலக்கும்" என்று ஒரு மருத்துவ மேதை எழுதியிருந்தார். 2010-ல் கோபன்ஹேகனில் ஒரு டிரையத்லானுக்கு முன் பெருமழை பெய்து, கழிவுநீர் கலந்த தண்ணீரில் நீந்தினார்கள். பிறகு ஆய்வு செய்தார்கள். பதிலளித்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு அதே போட்டியில் சுத்தமான தண்ணீர்: 8 சதவீதம். பதற்றம் இரண்டு ஆண்டும் ஒன்றுதானே?

வெட்சூட் (உடம்பை மூடும் ரப்பர் நீச்சலுடை) போட்டால் போதும் என்பவர்கள் தயவுசெய்து வாய்க்கும் ஒன்று தைத்துக் கொடுங்கள்.

அடுத்து எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவது பாரிஸ். "ஒலிம்பிக் வீரர்களே சீன் நதியில் நீந்தினார்கள், நீங்கள் அவர்களைவிடப் பெரிய ஆளா?" இல்லை ஐயா. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1923 முதல் குளிக்கத் தடை இருந்த ஆறு அது. சுத்தம் செய்ய ஏறக்குறைய 140 கோடி யூரோ கொட்டினார்கள். மழைநீர் ஆற்றுக்குள் போகாமல் பிடித்துவைக்க ஆஸ்டர்லிட்ஸ் பக்கத்தில் 50,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டியைப் பூமிக்கடியில் கட்டினார்கள். இவ்வளவு செய்தும், தொடக்க விழாவன்று பெய்த மழையில் எண் ஏறியது. நீச்சல் பயிற்சிகளை ரத்து செய்தார்கள். 2024 ஜூலை 30-ல் நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் போட்டியை விடிவதற்கு முன்னாலேயே 31-க்குத் தள்ளிவைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, தொலைக்காட்சி நேரமெல்லாம் விற்றாகிவிட்டது, இருந்தாலும் தள்ளிவைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒத்திகைப் போட்டியில் தண்ணீர் சரியில்லை என்று பாரா டிரையத்லானையும் கலப்பு ரிலேவையும் நீச்சலே இல்லாமல் டூயத்லானாக நடத்தினார்கள். ஒலிம்பிக்கில் பெல்ஜியம் ஒரு வீராங்கனைக்கு உடம்பு முடியாமல் கலப்பு ரிலேயிலிருந்து விலகியபோது எல்லோரும் ஆற்றைத் திட்டினார்கள். பிறகு அவரே வந்து, தனக்கு வந்தது ஈ.கோலை இல்லை, வைரஸ் என்று சொன்னார். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது பின்னூட்டத்தில் கண்டுபிடித்துக் கொண்டாடுவீர்கள். பாரிஸைக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அவர்களுடைய ஆற்றை மட்டும் காட்டாதீர்கள், அவர்களுடைய தள்ளிவைப்பையும் காட்டுங்கள்.

ஈ.கோலை எண் நன்றாக இருந்தால்கூட அதோடு முடிந்துவிடாது. 1998-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏரியில் நடந்த டிரையத்லானில் 876 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 834 பேரைத் தேடிப்பிடித்து விசாரித்ததில் 98 பேர் நோயில் விழுந்திருந்தார்கள். ரத்தம் கொடுத்த 474 பேரில் 52 பேருக்கு எலிக்காய்ச்சல். அங்கேயும் முன்னால் கனமழை, அங்கேயும் தண்ணீரை விழுங்கியவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் வழியாக வருகிற இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பதக்கத்தை மாட்டிப் படம் போட்டு, எல்லோரும் அடுத்த போட்டிக்குப் பதிவு செய்திருப்போம். 2006-ல் ஹைடல்பெர்க்கில் நெக்கார் ஆற்றில் நீந்தியவர்களுக்கும் இது வந்தது. அங்கே தோலில் இருந்த காயம்தான் வாசலாக இருந்தது. சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்த நம் ஆட்கள் எத்தனை பேர் ஞாயிறன்று இறங்கப் போகிறார்கள், யாராவது அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

"சொந்தப் பொறுப்பில் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே!" ஆமாம், போட்டிருக்கிறேன். சைக்கிளில் விழுவேன் என்று தெரியும், ஓட்டத்தில் தசை பிடிக்கும் என்று தெரியும், தெரிந்துதான் போட்டேன். உங்கள் கையில் இருக்கிற ஒரு தகவலை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டு, பொறுப்பை மட்டும் என் தலையில் வைக்க அந்தக் கையெழுத்து இடம் கொடுக்குமா? காட்டுங்கள். எண் மோசமாக இருந்தாலும் காட்டுங்கள். அப்புறமும் இறங்கினால் அது என் முட்டாள்தனம், உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

"ஏற்பாட்டாளர்கள் பாவம், மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்." தெரியும். தன்னார்வலர்கள் விடியுமுன் வந்து நிற்பதும் தெரியும், நானே நின்றிருக்கிறேன். ரத்து செய்தால் நஷ்டம், அனுமதி வாங்குவது கஷ்டம், எல்லாம் புரிகிறது. ஆனால் நான் ரத்து செய்யச் சொன்னேனா? எங்கேயாவது அந்த வார்த்தை என் பதிவில் இருக்கிறதா? நீச்சலை எடுத்துவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று நடத்தலாம். அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. அதைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டது தேதி. உழைத்தவர்களிடம் கேள்வி கேட்கவே கூடாது என்றால் அப்புறம் யாரிடம்தான் கேட்பது?

இப்போது என்னை உண்மையிலேயே தூங்கவிடாத பின்னூட்டத்துக்கு வருகிறேன். "அந்த ஆற்றங்கரைப் பிள்ளைகள் தினமும் அதிலேதான் குதிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது?" இதற்கு விழுந்த விருப்பக் குறிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்ன ஆகிவிட்டது என்று போய்ப் பார்த்தீர்களா? அந்தப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? நமக்காவது ஒரு குரூப் இருக்கிறது, கேட்டுத் திட்டு வாங்கவாவது ஓர் இடம் இருக்கிறது. போன முறை பயிற்சிக்குப் போனபோது படித்துறையில் ஒரு சிறுவன் என் நீச்சல் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே முங்கினான். எழுந்து, "அண்ணா, உள்ளே ஒண்ணுமே தெரியல" என்றான். வாயில் இருந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சிரித்தான். நமக்காக வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற அந்த மாதிரிகூட அவனுக்காக யாரும் எடுப்பதில்லை. அவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வாதம் செய்கிறீர்கள். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம்தான். அந்நியர்கள் சிரித்தால் பரவாயில்லை. விடியற்காலையில் பக்கத்துப் பக்கத்தில் நீந்தியவர்கள், எனக்குக் கால் பிடித்தபோது மிதவை வரை இழுத்துக்கொண்டு வந்தவர்கள், அவர்களுடைய பெயர்களும் அந்தச் சிரிப்புப் பொம்மைகளுக்குக் கீழே இருந்தன. அது கொஞ்சம் வலித்தது. சரி, விடுங்கள்.

எண்ணும் தேதியும் வந்தால் இறங்குவேன். வராவிட்டால் நீச்சலைத் தவிர்த்துவிட்டு, முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கரையில் துண்டோடு நிற்பேன். யாருக்காவது வாந்தி வந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டுமே.

கடைசியாக, நேற்றிரவு முதல் உள்பெட்டியில் வந்து, "நீங்க கேட்டது ரொம்ப சரி, ஆனா பொதுவுல லைக் போட முடியல, தப்பா நினைக்காதீங்க" என்று எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு: தப்பாக நினைக்கவில்லை. உள்பெட்டியில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது. அங்கேயே நீந்திக்கொண்டிருங்கள்.