வரத்துக்கால் வெட்ட யாரிடம் கேட்க வேண்டும்?

எங்கள் ஊர் ஆகஸ்ட் 15 கிராம சபை வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, எங்கள் குடிநீர்க் குளமான ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, அதாவது வரத்துக்காலை, எப்போது வெட்டுவீர்கள் என்று சத்தம் போட்டுக் கேட்டார். "தொகை வரம்புக்கு மேல போகுதுய்யா, மேல எழுதிக் கேக்கணும்" என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. அதைவிட எனக்கு வலித்தது கீழே வந்த கருத்துகள். "சட்டப்படிதானே பேசினார், இதில் என்ன தப்பு?" என்று நம் நண்பர்களே எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டு வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் நாங்கள் கட்டிய பணம் அது. அதை எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்குச் செலவழிக்க, ஒரு தொகைக்கு மேல் போனால் ஊருக்கு அதிகாரம் இல்லை. ஊரே கூடித் தீர்மானம் போட்டாலும் இல்லை.

சட்டம் என்கிறீர்கள், சரி, சட்டத்தையே பேசுவோம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் இருக்கின்றன. சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 243ஜி பிரிவு, இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'கொடுக்கலாம்' என்றுதான் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' முப்பது வருடமாக எங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. நமக்கும் 1994இலேயே ஊராட்சிகள் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு வரை செலவழிக்கலாம், யார் நிர்வாக அனுமதி தர வேண்டும் என்பதெல்லாம் விதிகளிலும் அரசாணைகளிலும் மேலிருந்துதான் வருகிறது.

நூறு நாள் வேலையில் செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரத்துக்காலில் முழங்கால் கனத்துக்குச் சீமைக் கருவேல வேர் ஓடிக் கிடக்கிறது. மண்வெட்டியால் அதை எடுக்க முடியாது, அந்தத் திட்டத்தில் ஆளுக்குப் பதிலாக இயந்திரம் இறக்கக் கூடாது.

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் ஊரில் லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய். என் அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தது. ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தேற்றாங்கொட்டை உரசித் தெளிய வைத்துக் குடித்தே வளர்ந்தவர். லாரிக்காரனிடம் பத்து ரூபாயை நீட்டும்போது, "தண்ணிய விலைக்கு வாங்கிக் குடிக்கிற நெலம வந்துருச்சே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அவர் காலத்தில் ஆடி பிறந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்கு வர வேண்டும். வராத வீடு அதற்கு ஈடாக நெல் அளக்க வேண்டும். அதற்கு எந்த மதிப்பீடும் எழுதவில்லை, எந்த அனுமதியும் வாங்கவில்லை. ஊரே கூடிச் செய்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அதே பெயரில் 2017இல் அரசே திட்டம் கொண்டுவந்தது. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதிகாரத்தை ஏன் ஊருக்குத் திருப்பித் தரவில்லை?

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. "வரம்பை எடுத்துவிட்டால் தலைவர்கள் திருட மாட்டார்களா?" திருடுபவர்கள் இருக்கிறார்கள். தூர்வாருகிறோம் என்று சொல்லிச் சவுடு மண்ணை லாரி லாரியாக ஏற்றி விற்ற கதை எனக்கும் தெரியும், அதைத் தடுக்கப் போய் வசவும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வரம்பு அதைத் தடுத்ததா? நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது ஒரு அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த வழி, "ஒரே வேலையை ரெண்டா பிரிச்சு எழுதிருங்க, வரம்புக்குள்ள வந்துரும்" என்பது. மறு வருடம் தணிக்கையில், ஏன் பிரித்தீர்கள் என்று ஆட்சேபணை வந்தது. பதில் எழுத வேண்டியவர்கள் நாங்கள். சொல்லித்தந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். திருட்டைப் பிடிக்கத் தணிக்கை இருக்கிறது, கிராம சபையில் கணக்கு வாசிக்க வைக்கலாம். அதையெல்லாம் கடுமையாக்குங்கள், நானே முன்னால் வந்து நிற்கிறேன். வேலையே நடக்காமல் தடுப்பதைக் கண்காணிப்பு என்று சொல்லாதீர்கள்.

"கொஞ்சம் பொறுத்தால் அனுமதி வந்துவிடும்" என்பவர்களுக்கு: வரும், தை மாதம் வரும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆவணிக்குள் கால்வாய் வெட்டாவிட்டால் அந்த வருடத் தண்ணீர் போச்சு. கால்வாய் பிரிகிற கண்மாய் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது, அதனால் அது நீர்வளத்துறையிடம். ஊருணி ஊராட்சியிடம். ஒரே தண்ணீர்தான், அதற்கு இரண்டு அலுவலகம் ஏற வேண்டும்.

கேட்கவும் இப்போது ஆள் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. நாங்கள் ஓட்டுப் போட்ட தலைவருக்கு வரம்பு. நாங்கள் ஓட்டே போடாத ஒருவர் அவர் இடத்தில் உட்கார்ந்து எங்கள் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். இதில் யாருக்கும் கோபம் வரவில்லை. வீடியோவில் அந்தப் பெரியவர் சத்தம் போட்டதுதான் நாகரிகமில்லை என்று எழுதுகிறீர்கள். அவருக்கு வயது எழுபத்தி நாலு. சிறுவயதில் அதே கால்வாயில் மண்வெட்டி பிடித்தவர். அவர் தனக்கு வீடு கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடியோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு பொக்லைன், நாலு நாள் வாடகை எவ்வளவு வரும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.